இணையத்தில் வயதைச் சரிபார்க்கும் பொறுப்பு இயங்குதளத்துக்கு உரியதா?

இணையத்தைப் பயன்படுத்துகிறவர் குழந்தையா பெரியவரா என்று அறியும் பொறுப்பை ஒவ்வொரு செயலியிடமும் தளத்திடமும் விட்டுவைக்காமல், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களிடமே ஒப்படைத்துவிடலாமா என்பது கேள்வி. கலிஃபோர்னியா மாநிலம் 2025-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியதிலிருந்து இது வெறும் கருத்து விவாதமாக இல்லை. பல ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். உறவில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் போன் வாங்கினாலும் அதை அமைத்துக் கொடுக்கும் வேலையும் என்னிடம்தான் வந்து சேரும். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இயங்குதளம் இதில் ஒரு பங்கை ஏற்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எந்தப் பங்கு என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ‘வயதுச் சரிபார்ப்பு’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. இந்தக் கருவி ஒரு பிள்ளையின் கையில் இருக்கிறது என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டு, தேவைப்படும் செயலிக்குத் தெரிவிப்பது முதல் வேலை. அப்படிச் சொன்னது உண்மைதானா என்று ஆவணமோ முகமோ பார்த்துச் சான்றளிப்பது இரண்டாவது. தெரிந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முடிவெடுத்து அதன்படி நடப்பது மூன்றாவது. முதல் வேலையை இயங்குதளம் செய்யலாம்; அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. இரண்டாவதை அதன் தலையில் ஒருபோதும் கட்டக் கூடாது. மூன்றாவது, உள்ளடக்கத்தைக் கொடுத்துப் பணம் பார்க்கிற நிறுவனத்தின் கடமை. அதை வேறு யாருக்கும் கைமாற்ற விடக் கூடாது.

கலிஃபோர்னியா சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சரியாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ‘இனிமேல் கணினியைத் திறக்கவே அடையாள அட்டை காட்ட வேண்டும்’ என்ற அளவுக்குப் பிழையான செய்தி பரவியிருக்கிறது. ஏபி 1043 என்ற அந்த முன்வரைவைக் கொண்டுவந்தவர் பஃபி விக்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர். ஆளுநர் கேவின் நியூசம் 2025 அக்டோபர் 13 அன்று அதில் கையெழுத்திட்டார். 2027 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வருவதாக எழுதப்பட்டிருக்கிறது. அதன்படி, கருவியில் கணக்கைத் தொடங்கும்போது, பயன்படுத்தப்போகிறவரின் பிறந்த தேதியையோ வயதையோ குறிப்பிடச் சொல்லி இயங்குதளம் கேட்க வேண்டும். ஆவணம் கேட்கத் தேவையில்லை, முகப்படமும் தேவையில்லை. சொல்லப்பட்ட வயது நான்கு படிகளில் ஒன்றாகப் பதிவாகும்: 13-க்குக் கீழ், 13 நிரம்பி 16-க்குள், 16 நிரம்பி 18-க்குள், 18-உம் அதற்கு மேலும். ஒரு செயலியைத் தரவிறக்கித் திறக்கும்போது அது இயங்குதளத்தைக் கேட்கும்; இயங்குதளம் எந்தப் படி என்பதை மட்டும் சமிக்ஞையாகத் தரும். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் கருவிகளுக்கு 2027 ஜூலை 1 வரை அவகாசம் உண்டு. கவனக்குறைவால் மீறினால் பாதிக்கப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 2,500 டாலர் வரை, வேண்டுமென்றே மீறினால் 7,500 டாலர் வரை அபராதம். வழக்குத் தொடுக்கும் அதிகாரம் மாநிலத்தின் தலைமை வழக்குரைஞருக்கு உரியது.

இந்த யோசனைக்கு ஏன் இவ்வளவு ஆதரவு கிடைத்தது என்று கேட்டால், மாற்று வழி எப்படிப்பட்டது என்பதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம் என்பதே காரணம். பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் தங்களிடம் வருகிறவர்களின் வயதைத் தாங்களே உறுதிசெய்ய வேண்டும் என்றானது. உடனே அங்கே, எந்த நாட்டிலிருந்து இணையத்துக்கு வருகிறோம் என்பதை மறைக்க உதவும் விபிஎன் செயலிகளைத் தேடிப் பதிந்துகொண்டவர்களின் எண்ணிக்கை எகிறியது. அதே ஆண்டு அக்டோபரில், உரையாடல் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம், தனக்காக வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கக்கூடும் என்று அறிவித்தது. அவற்றில் பலவும், ‘உங்கள் கணிப்பு தவறு, என் வயது இதுதான்’ என்று முறையிட வேண்டியிருந்தவர்கள் அனுப்பிய படங்கள். தன் வயதை நிரூபிப்பதற்காகப் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து முன்பின் தெரியாத ஒருவரிடம் அனுப்ப வேண்டிய நிலைக்கு மனிதர்களைத் தள்ளியதே பெரிய தவறு. ஐம்பது தளங்கள் ஐம்பது இடங்களில் அடையாள அட்டைகளைச் சேகரித்தால் ஐம்பது கசிவுகளுக்கு வாசல் திறக்கிறோம். அதோடு ஒப்பிட்டால், வீட்டிலேயே ஒரு முறை சொல்லி, படியை மட்டும் வெளியே அனுப்பும் முறை எவ்வளவோ மேல்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. சமிக்ஞை வந்துவிட்டால், அந்தப் பயனரின் வயதுப் படி செயலி நிறுவனத்துக்கு ‘உண்மையிலேயே தெரியும்’ என்று சட்டம் கொள்ளும். இதன் அருமை புரிய அமெரிக்காவின் பழைய சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரிக்கக் கூடாது என்று 1998-இலேயே அங்கே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எல்லாருக்குமான ஒரு சேவை அதற்குக் கட்டுப்பட வேண்டுமானால், பயனர் குழந்தை என்பது நிறுவனத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். விளைவு, தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நிறுவனங்களுக்கு லாபமாகிவிட்டது. ‘உங்கள் பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு பட்டியலை நீட்டிவிட்டு, பத்து வயதுப் பிள்ளை 1990 என்று தட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. இயங்குதளம் தெரிவித்துவிட்டால் அந்த நிழல் போய்விடும். இயங்குதளத்துக்கு ஒரு பங்கு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

ஆனால் இதே யோசனையை வேறு நோக்கத்தோடு முன்தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். வயதைப் பார்க்க வேண்டியது செயலிக் கடையின் வேலை என்று மெட்டா நிறுவனம் வெகுநாளாக வாதிடுகிறது. ஆபாசத் தளங்களை நடத்தும் ஐலோ நிறுவனமோ கருவியிலேயே அது நடக்க வேண்டும் என்கிறது. இருவரும் சொல்வதில் தொழில்நுட்ப நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் பொறுப்பு தங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது. யூட்டா மாநிலமும் டெக்சாஸ் மாநிலமும் 2025-இல் இயற்றிய செயலிக் கடைச் சட்டங்களை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். டெக்சாஸ் சட்டம் கலிஃபோர்னியாவைப் போலச் சொன்னதைக் கேட்டுக்கொள்வதோடு நிற்கவில்லை. கணக்குத் தொடங்கும் ஒவ்வொருவரின் வயதையும் கடை சரிபார்க்க வேண்டும், 18 நிரம்பாதவர் எந்தச் செயலியைத் தரவிறக்கினாலும் அந்தந்தச் செயலிக்கென்று பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. 2025 டிசம்பர் 23 அன்று கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் பிட்மன் அதற்கு இடைக்காலத் தடை விதித்தபோது, ஒவ்வொரு புத்தகக் கடையும் வாசலிலேயே எல்லாரின் வயதையும் சரிபார்த்து, சிறுவர் உள்ளே நுழைய ஒரு முறையும் புத்தகம் வாங்க மறுமுறையும் பெற்றோர் அனுமதி கேட்பதற்கு இதை ஒப்பிட்டார். அகராதிச் செயலிக்கும் வானிலைச் செயலிக்கும்கூட அனுமதிச் சீட்டு என்றால், அது எந்தக் குழந்தையையும் காப்பதற்கான ஏற்பாடாகத் தோன்றவில்லை.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். கலிஃபோர்னியா சட்டத்தில், கணினியிலோ கைபேசியிலோ வேறெந்தப் பொதுப் பயன்பாட்டுக் கருவியிலோ ஓடும் இயங்குதளத்தை உருவாக்குகிற, உரிமம் தருகிற அல்லது கட்டுப்படுத்துகிற எவரும் ‘இயங்குதள வழங்குநர்’ ஆவார். இந்த வரையறையை எழுதியவர்களின் கண்முன் இருந்தவை ஆப்பிளும் கூகுளும் மைக்ரோசாஃப்டும்தான் என்பது தெளிவு. ஆனால் எழுத்துப்படி பார்த்தால், தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பும் அதில் அடங்கும். நான்கு பேர் ஓய்வு நேரத்தில் உருவாக்கி இலவசமாக வெளியிடும் ஒரு சின்னஞ்சிறு லினக்ஸ் பதிப்பும் அடங்கும். டெபியனில் ஒரு புதிய பயனரைச் சேர்க்க ‘ஆட்யூசர்’ என்று கட்டளை கொடுத்தால் அது என்ன கேட்கும் என்று பாருங்கள்: கடவுச்சொல், அதன் பிறகு முழுப்பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, கடைசியாக ‘பிற’. அறை எண்ணைக் கேட்கும் வழக்கம், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட பல்கலைக்கழகக் காலத்திலிருந்து தங்கிவிட்ட எச்சம். நாங்கள் எல்லாரும் எதையும் நிரப்பாமல் என்டரை ஐந்து முறை தட்டிவிட்டுப் போவோம். அந்த வரிசையில் ஆறாவதாகப் பிறந்த தேதியைச் சேர்ப்பது தொழில்நுட்பத்தில் அரை நாள் வேலை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தன்னார்வலர் குழந்தை ஒன்றுக்கு 2,500 டாலர் என்ற கணக்கில் சட்டப் பொறுப்பாளியாகிறார். அவரிடம் வழக்கறிஞர் இல்லை, வருமானம் இல்லை, தன் மென்பொருளை யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியலும் இல்லை.

சர்வர்களின் கதை இன்னும் விசித்திரமானது. நான் பராமரிக்கும் இயந்திரங்களில் பயனர் கணக்குகளில் பெரும்பாலானவை மனிதர்களுடையவையே அல்ல. தரவுத்தளத்துக்கு ஒன்று, மின்னஞ்சல் சேவைக்கு ஒன்று, காப்புப்பிரதி எடுக்க ஒன்று என்று அவை மென்பொருள்களின் பெயரில் இருக்கும். ஒரு மென்பொருளைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகள் போன்றவை கன்டெய்னர்கள்; ஒரு நிமிடத்தில் தோன்றி வேலை முடிந்ததும் மறையும் அவை ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும். இவற்றுக்கெல்லாம் வயது கேட்பதில் பொருளே இல்லை. ஆகவே சட்டம் யாரைக் குறிவைக்கிறதோ அவர்களைப் பெயர் சொல்லாமலே சரியாகச் சுட்டும் வரையறை வேண்டும்: நுகர்வோருக்கான கருவிகளில் முன்கூட்டியே நிறுவி விற்கப்படும், தனக்கென்று செயலிக் கடை வைத்திருக்கும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் இயங்குதளம் என்று எழுதினால் போதும். கட்டற்ற மென்பொருள் உலகத்துக்குச் சலுகை கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. கருவியை விற்கிறவரிடம்தான் அதை வாங்கும் பெற்றோரைச் சந்திக்கும் வாய்ப்பு இருக்கிறது. மூல நிரலை இணையத்தில் வைத்துவிட்டுப் போகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அடுத்தது, இந்த விவாதத்தில் பணக்கார நாடுகளின் சட்டங்கள் எளிதில் மறந்துவிடும் ஒன்று. இயங்குதளம் சொல்லும் வயது கணக்கின் வயது. அந்த நிமிடத்தில் திரையைத் தொடும் விரலின் வயது அல்ல. என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் பாடம் கேட்பதும் விளையாடுவதும் அத்தானின் பழைய போனில். அதில் இருப்பது அத்தானின் கணக்கு. அதைப் பொறுத்தவரை அவனுக்கு வயது 46. சாயங்காலம் அதே போனில் பாட்டி வெளியூர் மகளோடு வீடியோவில் பேசுவார். இரவில் அக்கா சீரியல் பார்ப்பாள். அவனுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, பெற்றோர் கட்டுப்பாட்டையும் இணைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது பார்த்தால் எல்லாரும் பழையபடி அத்தான் கணக்கிலேயே இருந்தார்கள். கணக்கை மாற்றி மாற்றித் திறப்பது அவர்களுக்குத் தலைவலியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் யாரும் அலட்சியமானவர்கள் இல்லை. கையெழுத்திட்டபோது நியூசமும் இதை ஒட்டிய ஒரு கவலையைப் பதிவு செய்தார்: ஒரே கணக்கைக் குடும்பத்தில் பலர் பகிர்வது, ஒரே பயனர் பல கருவிகளில் இருப்பது ஆகிய சிக்கல்களைத் திரைப்படச் சேவைகளும் விளையாட்டு நிறுவனங்களும் எழுப்பியிருப்பதால், சட்டம் நடைமுறைக்கு வருமுன் 2026-இல் அதைத் திருத்த வேண்டும் என்று சட்டமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் பல மடங்கு பெரிதாகும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது; அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது; தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் வெளியான விதிகள், பெற்றோர் யார் என்பதை உறுதிசெய்ய டிஜிலாக்கர் வழியாகக் கிடைக்கும் மெய்நிகர் டோக்கனையும் ஒரு வழியாக ஏற்கின்றன. ஆனால் சம்மதம் கேட்பதற்கு முன், எதிரில் இருப்பது குழந்தை என்று தெரிய வேண்டுமே! அந்த இடத்தில் இயங்குதளத்தின் சமிக்ஞையைக் கொண்டுவந்து பொருத்தலாம் என்ற எண்ணம் இங்கும் எழும். அப்போது, குடும்பத்துக்கு ஒரு போன் என்ற நம் நடைமுறையை முதல் பத்தியிலேயே எழுதாத எந்த விதியும் வேலை செய்யாது.

இப்போது எனக்கு உண்மையான அச்சம் தரும் பகுதிக்கு வருகிறேன். சொன்னதை நம்பும் முறையில் பொய் சொல்லலாம். பிள்ளைகள் சொல்வார்கள், பல பெற்றோரும் தொல்லை தாங்காமல் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, ‘சமிக்ஞைகளில் பாதி பொய்’ என்று யாராவது கணக்குக் காட்டுவார்கள். அப்போது கேள்வி இரண்டாவது வேலைக்கு நகரும்: இயங்குதளம் ஆவணம் பார்த்துச் சான்றளிக்கட்டும் என்பார்கள். சான்றளித்த சமிக்ஞையைப் பயனரே மாற்றிவிடாமல் இருக்க வேண்டுமானால், கருவியின் சொந்தக்காரருக்கே தன் கருவியின் மீது முழு அதிகாரம் இருக்கக் கூடாது. இது கற்பனை அல்ல. ரூட் செய்த, அதாவது தயாரிப்பாளர் போட்ட பூட்டை நீக்கி முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்ட போனில் வங்கிச் செயலியைத் திறக்க முயன்றவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்: ‘உங்கள் கருவி பாதுகாப்பானதல்ல’ என்ற ஒற்றை வரியோடு செயலி மூடிக்கொள்ளும். அந்தப் போனின் இயங்குதளம், தயாரித்த நிறுவனம் அனுப்பிய அதே வடிவில் இருக்கிறதா என்று செயலி கேட்டு உறுதிசெய்துகொள்கிறது. வயதுக்கும் இதே பூட்டைப் போட்டால், வங்கி மட்டுமல்லாமல் செய்தியும் உரையாடலும் நூலகமும்கூட, இரண்டு மூன்று நிறுவனங்கள் முத்திரையிட்ட கருவிகளில் மட்டுமே திறக்கும். தன் கணினியில் என்ன ஓட வேண்டும் என்று தானே முடிவு செய்யும் உரிமை, பதின்மூன்று வயதில் லினக்ஸை நிறுவிப் பார்த்துத் தொழில் கற்ற என்னைப் போன்றவர்களை உருவாக்கிய உரிமை, குழந்தைகளின் பெயராலேயே பறிபோகும்.

அதனால் பொய்யை முழுவதும் ஒழிக்க முடியாது என்பதைச் சட்டமே வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். பெற்றோர் சொன்னதைப் பெற்றோரின் வாக்காகவே எடுத்துக்கொள்வது, சான்றாக உயர்த்தாமல் இருப்பது, அந்த எல்லையைப் பின்னாளில் ஓர் அதிகாரி விதி போட்டு மாற்ற முடியாதபடி சட்டத்தின் உடலிலேயே எழுதிவைப்பது, இவை தேவை. கலிஃபோர்னியா சட்டம் இன்றைக்கு ஆவணம் கேட்கவில்லை. ஆனால் ‘நாளைக்கும் கேட்கக் கூடாது’ என்று அது இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கலாம். அதேபோல எல்லாச் செயலியும் சமிக்ஞையைக் கேட்டே ஆக வேண்டும் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. டார்ச் விளக்கை எரிய வைக்கும் செயலிக்கு, போனை வைத்திருப்பது 11 வயதுப் பெண் குழந்தை என்று ஏன் தெரிய வேண்டும்? பெறுகிற சமிக்ஞையை வேறு காரியத்துக்காகப் பிறரிடம் பகிரக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது, உண்மை. ஆனாலும் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல், கெட்ட எண்ணம் கொண்டவருக்கு விலைமதிப்புள்ளது. ஆப்பிள் தன் ஐஓஎஸ் 26-இல் கொண்டுவந்த வயது வரம்பு வசதியில், செயலி கேட்கும்போது பகிர்வதா வேண்டாமா என்று குடும்பம் தீர்மானிக்க இடம் இருக்கிறது. அந்தத் திசை சரியானது.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. சமிக்ஞை செயலிகளுக்குத்தான் போகிறது. பெற்றோர் மிகவும் அஞ்சும் ஆபாசத் தளங்களோ பெரும்பாலும் பிரவுசரில் திறப்பவை. பிரவுசருக்குப் பிள்ளையின் வயது தெரிந்தாலும், அது திறக்கும் தளத்துக்குத் தெரியாது. ‘அப்படியானால் தளங்களுக்கும் வயதைச் சொல்லிவிடலாம்’ என்பது முதலில் தோன்றும் தீர்வு. உலகத்தின் எல்லாத் தளங்களுக்கும் ‘நான் ஒரு குழந்தை’ என்று அறிவித்துக்கொண்டே போகும் போனை நான் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டேன். தகவல் எதிர்த் திசையில் போக வேண்டும். பெரியவர்களுக்கு மட்டும் என்று தளம் தன்னைத்தானே அறிவிக்க, கருவி தன் உள்ளே வைத்திருக்கும் வயதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துத் திறப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யட்டும். அப்போது வயது போனை விட்டு வெளியே போகவே போகாது. இது புதிய யோசனையும் அல்ல. பெரியவர்களுக்கான தளங்கள் தங்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் இட்டுக்கொள்ள ஆர்டிஏ என்ற முத்திரை 2006-இலிருந்தே இருக்கிறது; பக்கத்தின் மூலத்தில் அது ஒரே ஒரு வரி, பெற்றோர் கட்டுப்பாட்டு மென்பொருள் அந்த வரியைக் கண்டதும் பக்கத்தைத் தடுத்துவிடும். இருபது ஆண்டுகளாக அது விருப்பம் உள்ளவர்கள் மட்டும் இடும் முத்திரையாகவே கிடக்கிறது. அதை இடுவதைக் கட்டாயமாக்கி, இடாதவருக்கு அபராதம் என்று ஆக்கினால், தளத்தின் பொறுப்பு தளத்திடமே நிற்கும்.

நான் சட்டம் எழுதுகிறவனாக இருந்தால், கருவி விற்கும் நிறுவனங்களிடம் இரண்டே இரண்டு காரியங்களைத்தான் கேட்பேன். போனை முதல் முறை இயக்கும்போது ‘இதைப் பயன்படுத்தப்போவது குழந்தையா?’ என்று தெளிவான தமிழிலோ ஸ்பானிஷிலோ அந்த வீட்டின் மொழியில் கேட்க வேண்டும். அந்தப் பதிலைக் கருவிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முத்திரையுள்ள பக்கங்களையும் செயலிகளையும் அதன்படி நிறுத்த வேண்டும். அதோடு, கணக்கை மாற்றாமலேயே ஒரு பொத்தானைத் தட்டினால் பிள்ளைக்கான நிலைக்குப் போகவும், பெற்றோரின் கைரேகையைக் கொடுத்தால் மட்டும் அதிலிருந்து வெளியே வரவும் வழி செய்தால், அத்தானின் பழைய போன் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் அக்கா மகனுடையதாகவும் ஏழு மணிக்குப் பாட்டியுடையதாகவும் இருக்க முடியும்.